'சொன்னா கேக்காத' கிழவிகளும் நம் எழுத்தும்

'எங்க அம்மா சொன்னா கேக்கவே மாட்டேங்குது தோழர். காலு வீங்கிக் கெடக்குது. ஆஸ்பத்திரிக்கு வாம்மான்னா ஒண்ணுமில்ல போடாங்குது.' கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. படித்து வேலைக்குப் போன முதல் தலைமுறையின் புலம்பல் இது. இதே பிள்ளைகள் எழுத உட்கார்ந்தால் அதே அம்மா வேறு ஆளாகிவிடுகிறாள்: நோயைப் பொருட்படுத்தாத உழைப்பாளி, தன்னை உருக்கிக் குடும்பத்தைக் காத்த தியாகி. வீட்டில் திட்டு, பத்திரிகையில் தோத்திரம். இரண்டிலுமே அவள் இல்லை என்பதுதான் என் வாதம். மரக்காணம் உப்பளத்தை வைத்து இதைப் பேசலாம்.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்வார்கள். உப்பு என்றால் புலவர்களுக்கு உமணர் வண்டி, காங்கிரசுக்காரர்களுக்கு 1930 வேதாரண்யம். பாத்தியில் நிற்கிற காலைப் பற்றி நாவல் எழுத ராஜம் கிருஷ்ணன் வரவேண்டியிருந்தது. தூத்துக்குடி அளங்களை நேரில் போய்ப் பார்த்து அவர் எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979இல் வந்தது. வெளியிலிருந்து போனவர் உழைத்து எழுதிய நாவல். அதைக் குறை சொல்கிறவர்கள் முதலில் அந்த அளவுக்கு உழைக்கட்டும்.

நம் பக்கம் வருவோம். பாமாவின் 'கருக்கு' (1992) பாட்டி கோழி கூப்பிடும் முன் எழுந்து, நாயக்கமார் வீட்டு வேலைக்கும் காட்டு வேலைக்கும் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள். நாயக்கர் வீட்டு அம்மா எட்டி நின்று உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவாள், இவள் கையேந்திக் குடிப்பாள். பேத்திக்குக் கொதிக்கிறது. பாட்டியோ அவர்களை மகராசர்கள் என்கிறாள். நம்மில் பலர் இதை 'அடிமைப்புத்தி' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினோம். எனக்கென்னவோ அந்தப் பாட்டி கணக்குத் தெரிந்தவளாகத்தான் படுகிறாள். வேலை கொடுக்கிறவனை முறைத்தால் ராத்திரி உலை கொதிக்காது. பாட்டியைத் திருத்தி எழுதாமல் விட்டது பாமாவின் பலம். இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளில் (1994) வீடு வீடாகச் சோறு எடுத்துத் தேய்ந்துபோன வண்ணாத்திக்கு ஆரோக்கியம் என்று பேர். நாவலைச் சுற்றி எவ்வளவு சண்டை போட்டோம்! யார் யாரைக் கேவலப்படுத்தினார்கள் என்று பேசிய அளவுக்கு அந்தப் பேரையும் அந்த உடம்பையும் சேர்த்து வைத்துப் பேசவில்லை.

மரக்காணத்துக் கிழவியிடமும் அந்தக் கணக்கு இருக்கிறது. சனவரி வாக்கில் தொடங்கும் வேலை மழை வந்தால் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பாத்தி முழுக்கத் தண்ணீர், வீட்டில் கடன். ஆகவே வெயில் காலத்தில் ஒரு நாள் விட்டாலும் அது மழைக்காலத்துக் கஞ்சியில் குறையும். இருட்டோடு கிளம்பிப் போய் உப்பு வாரி, கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டிவிட்டு வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் திரும்புகிறாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் நேரமும் அதே காலைதான். பெரிய வியாதி என்றால் புதுச்சேரி ஜிப்மர், 30 கிலோமீட்டருக்கு மேல். அங்கே காத்திருப்பது என்னவென்று அறிய இமையத்தின் 'செல்லாத பணம்' (2018) படிக்கலாம். தீக்காய வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பதே ஒரு முழுநேர வேலை என்பதை அந்த நாவல் காட்டிவிடுகிறது. அதில் வருகிறவர்கள் காசுள்ளவர்கள். நம்ம கிழவிக்கு அதுவும் இல்லை.

இன்னொன்று, எழுதக் கூச்சப்படுகிற விஷயம். அளத்தில் கக்கூஸ் இல்லை, மறைவுக்கு ஒரு செடி கிடையாது. பொம்பளைகள் தண்ணி குடிக்காமலே வேலை செய்யப் பழகியிருக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் மாத்திரைகளில் சில மூத்திரத்தை அதிகம் போக வைப்பவை. வெட்டவெளியில் நிற்கிறவள் அதைக் காலையில் போட்டுக்கொண்டு எங்கே ஒதுங்குவாள்? போடாமல் டப்பாவில் வைக்கிறாள். மகன் வந்து பார்த்து, 'பட்டிக்காடு, படிப்பறிவு இல்ல' என்று கத்துகிறான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம்தான். வீடு வரை வந்த மாத்திரை வாய் வரை போவதற்கு அளத்தில் ஒரு கக்கூஸ் வேண்டியிருக்கிறது.

உடனே சிலர் கிளம்பிவிடுவார்கள். மருத்துவமனை என்பது அதிகார நிறுவனம், கிழவி போக மறுப்பது ஒரு கலகம், விளிம்புநிலை உடலின் எதிர்ப்பு என்று. ஃபூக்கோவை நானும் படித்தேன். சிறுநீரகத்துக்கு அவரைத் தெரியாது. 2017க்கும் 2020க்கும் இடையில் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்ததில், நூற்றுக்கு 90 பேர் அளவுக்கு மீறிய வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருந்தது. இது வலிக்காமல் வருகிற வியாதி. கால் வீங்கி, மூச்சு வாங்கி, 'ஒண்ணுமில்ல' என்று சொல்ல முடியாமல் போகும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் வலி மாத்திரை, உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். அவள் கணக்கு சரி, ஆனால் இந்த வரவு செலவு அவளுக்குக் காட்டப்படவே இல்லை. கிரியேட்டினின் பார்க்க ஒரு ஊசி ரத்தம் போதும்.

கட்ச் பாலைவனத்து உப்புத் தொழிலாளர்களான அகரியாக்கள் செத்தால் உடம்பு எரிந்தும் பாதம் எரியாமல் கிடக்கும் என்று ஒரு செய்தியைப் பத்திரிகைக்காரர்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். வாசகனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. பாதம் அப்படி இறுகும் வரை அந்த ஆளுக்கு ஒரு பூட்ஸ் கூட யாரும் தரவில்லை என்பது அதற்குள் மறைந்துவிடுகிறது. நம் தாய்மைக் கவிதைகளும் பல நேரம் இதே வேலையைச் செய்கின்றன. வெடித்த பாதத்தைத் தெய்வப் பாதமாக்கிவிட்டால் குத்தகைக்காரருக்குச் செலவு மிச்சம்.

ஒரு தோழர் செய்தது சொல்கிறேன். அம்மாவோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, 'நீ ஒரு நாளு போவலன்னா எவ்ளோ போவும்?' என்று கேட்டார். அவள் சொன்ன கூலியைக் கையில் கொடுத்து, தன் வேலைக்கும் லீவு போட்டுக் கூடவே போனார். அம்மா வந்தாள். மாத்திரையைச் சாயங்காலம் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டார்கள். எல்லா அம்மாவும் வந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது, நடந்தது.

அம்மாவைப் பற்றி அடுத்து எழுதப்போகும் தோழர்கள் தியாகத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு தண்ணி குடிக்கிறாள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், எங்கே ஒதுங்குகிறாள், எந்த மாத்திரையை எதனால் நிறுத்தினாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அளத்தில் தண்ணித் தொட்டியும் கக்கூஸும் கேட்டு மனுக் கொடுக்கும்போது அந்தப் பக்கங்களை அப்படியே கூட இணைக்கலாம்.