சதுக்கமும் சொத்துடைமையும்: அமெரிக்கப் புறநகர்க் கடைத்தொகுதிகள் பற்றி ஒரு நோக்கு

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிந்திய ஐக்கிய அமெரிக்கப் பண்பாட்டினை ஆராய்வோர் பலர், புறநகர்க் கடைத்தொகுதியை நுகர்வு மோகத்தின் சின்னமாகவே காண்பர். பென்சில்வேனியாவின் மொன்றோவில் கடைத்தொகுதியிற் படமாக்கப்பெற்ற ஜோர்ஜ் ரொமேரோவின் ‘டோன் ஒஃப் த டெட்’ (1978) இந்நோக்கிற்குச் சிறந்த சான்றாகும். உயிர்நீத்த பின்னரும் பழக்கத்தினால் கடைகளை நாடிவரும் நடைப்பிணங்களை அது காட்டுகின்றது. அங்கதம் கூர்மையானதே. ஆயினும், மக்களின் மனப்பழக்கத்தைச் சாடுமளவிற்கு, அக்கட்டடத்தை அங்கு எழுப்பிய சக்திகள் எவை என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. அவ்வினாவிலிருந்தே நாம் தொடங்க விரும்புகின்றோம்.

கடைத்தொகுதியின் தந்தை எனப்படும் விக்டர் குறூன், வியன்னாவிற் பிறந்த யூதர். சோசலிச அரசியல் அரங்கில் ஈடுபட்டவர். 1938இல் நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்றவர். டெற்றோயிற் நகருக்கு அண்மையில் 1954இல் திறக்கப்பெற்ற நோத்லண்ட், மினசோட்டாவின் ஈடைனாவில் 1956இல் திறக்கப்பெற்ற சவுத்டேல் ஆகியன அவரது ஆக்கங்கள். மோட்டார் வாகனத்தினாற் சிதறுண்ட மக்களுக்குக் கூடிப்பேசும் நகரச் சதுக்கமொன்றை மீட்டளிப்பதே அவரது கனவு. வீடுகள், பாடசாலைகள், பூங்கா, ஏரி ஆகியன சூழ்ந்த நிலையிலேயே அவர் சவுத்டேலைத் திட்டமிட்டார். அத்திட்டம் முழுமை பெறவில்லை. நிலைத்ததோ, வாகனத் தரிப்பிடங்கள் சூழ்ந்த கடைகளே. இறுதிக் காலத்தில் தமது படைப்பின் வழித்தோன்றல்களை அவரே மறுதலித்தார்.

இதனைத் தனியொரு கலைஞனின் சோகமாகக் கொள்ளுதல் போதாது. புறநகர் தானாகத் தோன்றியதன்று. அரசின் உத்தரவாதம் பெற்ற வீட்டுக்கடன்களும், 90 வீதச் செலவை மத்திய அரசே ஏற்ற 1956ஆம் ஆண்டின் பெருந்தெருச் சட்டமும் அதனை உருவாக்கின. புதிய வணிகக் கட்டடங்களின் பெறுமானத்தேய்வை விரைவாகக் கழித்துக்கொள்ள 1954ஆம் ஆண்டின் வரிச்சட்டம் இடமளித்தமையால், கடைத்தொகுதி கட்டுவது முதலீட்டாளருக்கு வரிதவிர்க்கும் வழியுமாயிற்று. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கோ கடனுத்தரவாதம் மறுக்கப்பட்டது. 1947இல் தொடங்கிய லெவிற்றவுண் குடியிருப்பு அவர்களுக்குக் கதவடைத்தது. ஆகவே ‘அனைவருக்குமான சதுக்கம்’ ஆரம்பத்திலேயே வர்க்கத்தாலும் நிறத்தாலும் வேலியிடப்பட்டிருந்தது.

அவ்வேலியின் இயல்பை அழகியலைவிட நீதிமன்றத் தீர்ப்புகளே தெளிவாகக் காட்டுகின்றன. பென்சில்வேனியாவின் லோகன் வலி கடைத்தொகுதியில், தொழிற்சங்கம் சாராத அங்காடியொன்றின் முன் தொழிற்சங்கத்தினர் மறியல் செய்தனர். கடைத்தொகுதி நகரின் வணிக வீதிக்கு ஒப்பானது என்று கூறி, 1968இல் உச்ச நீதிமன்றம் அவர்களின் உரிமையை ஏற்றது. ஆனால் 1972இல், போர்ட்லண்ட் நகரின் கடைத்தொகுதியொன்றில் வியட்நாம் யுத்தத்திற்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் வழங்கியோருக்கு அதே நீதிமன்றம் அவ்வுரிமையை மறுத்தது. 1976இல் முன்னைய தீர்ப்பு இனிச் செல்லாது என வெளிப்படையாகவே கூறிற்று. தனித்தனி மாநிலங்கள் தம் யாப்பின்வழி அவ்வுரிமையை வழங்கலாம் என்பதே 1980இல் எஞ்சிய சலுகை. சதுக்கத்தின் தோற்றம் பொதுவானது. அதன் உடைமையோ தனியாருடையது. முரண்பாடு முற்றியவேளை வென்றது உடைமையே.

எனவே, நுகர்வோனைப் பிணமென இகழும் விமர்சனம் பாதி உண்மையையே கூறுகின்றது. கடைத்தொகுதிக்கு வந்தவர்கள் பொருளை மட்டும் தேடி வரவில்லை. மனிதக் கூட்டுறவையும் தேடி வந்தனர். அத்தேட்டம் நியாயமானது, அதனையே மூலதனம் விலைப்பொருளாக்கியது. இவ்வேறுபாட்டை மறக்கும் விமர்சனம், சுரண்டப்பட்டோரையே குற்றவாளிகளாக்கிவிடும்.

நோத்லண்ட் 2015இல் மூடப்பட்டது. அதுபோன்ற பல தொகுதிகள் இன்று வெறிச்சோடிக் கிடக்கின்றன. கட்டடங்கள் அழிவதால் அவற்றை ஆக்கிய உறவுகள் அழிந்துவிடுவதில்லை. மக்கள் கூடும் இடம் யாருக்குச் சொந்தம், அங்கு எதிர்ப்புக்குரல் எழுப்ப யாருக்கு உரிமையுண்டு என்னும் வினாக்கள் இன்னும் விடைகாணப்படாதனவாகவே உள்ளன.