புனித ஜெனாரோவின் சிற்றாலயம்

'பரோக்' என்னுஞ் சொல் உருக்கோணிய முத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்ததென்பர். பெயரிலேயே பழிப்பைச் சுமந்த இக்கலைப்பாணியை அடக்கமற்ற அலங்காரமென்று ஒதுக்குவோர் இன்றும் உளர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பேராலயத்தின் வலப்பக்கத்தே அமைந்த புனித ஜெனாரோவின் சிற்றாலயம் அன்னோர்க்கு வாய்ப்பான சான்றாகத் தோன்றக்கூடும். வெள்ளியும் வெண்கலமும் பன்னிறச் சலவைக்கல்லும் சுவரோவியமும் அங்கு இடைவெளியின்றி நெருங்கி நிற்கின்றன. கண் இளைப்பாற இடமில்லை என்பது மெய்யே.

ஆயினும், அஃது எழுந்த வரலாற்றை அறியாது அதனை மதிப்பிடல் தகாது. கொள்ளைநோயும் போரும் நகரை வாட்டிய 1527ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், நகரப் பிரதிநிதிகள் தம் காவலராகிய ஜெனாரோவுக்குப் புதியதோர் ஆலயம் எடுப்பதாக நேர்ந்துகொண்டனர். அந்நேர்த்தியை நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாகவே எழுதினர். கடனைத் தீர்ப்பதில் மட்டும் அவர்கள் அவசரங் காட்டினாரல்லர். பிரான்செஸ்கோ கிரிமால்டியின் திட்டப்படி அடிக்கல் நாட்டப்பட்டது 1608இலேயாம். ஆலயம் திருநிலைப்படுத்தப்பட்டது 1646இல். 1601இல் நிறுவப்பட்ட நகரத்தார் சபையொன்றே இன்றும் அதனைப் பரிபாலிக்கின்றது. வாயிலின் மேலுள்ள இலத்தீன் சாசனமோ, பஞ்சம், போர், கொள்ளைநோய், வெசூவியஸ் எரிமலையின் தீ என்பவற்றை எண்ணிச் சொல்லி, ஜெனாரோவைக் காவலர் என்பதற்கு முன் குடிமகன் என்றே குறிக்கின்றது.

இந்நோக்கிற் பார்ப்பின், அங்குள்ள வெள்ளி அரைச்சிலைகள் வெறும் அணிகலனாகா. ஒரு காவலர் போதாரென அஞ்சியவர்போல் நகரத்தார் காலந்தோறும் ஏற்றுக்கொண்ட துணைக்காவலர் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோரின் உருவங்கள் அவை. மே மாதத்திலும், செப்டெம்பர் 19இலும், 1631ஆம் ஆண்டின் எரிமலைச் சீற்றத்தை நினைவுகூரும் டிசெம்பர் 16இலும் புனிதரின் உறைந்த குருதி இளகுமென மக்கள் கூடிக் காத்திருப்பர். அந்நாட்களில் அச்சிலைகள் காட்சிப்பொருள்களல்ல. சபையிற் கூடிய சான்றோர்.

குறை வேறிடத்தே உளது. ஓவியப்பணியை ஏற்று 1631இல் வந்த தொமெனிக்கினோ, உள்ளூர் ஓவியரின் பகைமைக்கு அஞ்சி 1634இல் நகரைவிட்டு ஓடினார். மீண்டு வந்தும் பணி முடியுமுன் 1641இல் இறந்தார். குவிமாடத்தை லான்பிராங்கோ 1643இல் தீட்டினார். குவிமாடத்தைத் தாங்கும் மூலைகளில் தொமெனிக்கினோவின் மாந்தர் அளந்து நிறுத்தப்பட்டாற்போல் நிற்க, அவர்தம் தலைக்குமேல் லான்பிராங்கோவின் விண்ணுலகம் சூறாவளியெனச் சுழல்கின்றது. தனித்தனியே இரண்டும் சிறந்தன, ஒன்றையொன்று தழுவவில்லை. 'பரோக்' எங்கணும் ஒருமையை நாடுவதென்பார்க்கு இதனினும் மிக்க மறுப்பு வேண்டுவதில்லை.

இருவரையும் விஞ்சியவர் ரிபேரா என்றே கூறல் வேண்டும். செப்புத்தகட்டில் 1646இல் அவர் வரைந்த ஓவியத்தில், ஜெனாரோ எரிசூளையினின்று ஊறின்றி வெளிப்படுகின்றார். கட்டிய கயிறு இன்னும் அவிழவில்லை. சூழநின்றோர் அலறி ஒருவர்மேலொருவர் வீழ்கின்றனர். அவரோ எவரையும் நோக்காது வானை நோக்குகின்றார். அவ்வானில் ஒரு பகுதி தெளிந்த நீலமாயிருக்கின்றது. அத்துணை வெள்ளிக்கும் பொன்னுக்கும் நடுவே கண் சென்று தங்குவது அந்நீலத்திலேதான்.