ரிட்டிகல ஏற்றம்

மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள ரிங்லெட்டில் ஆயிரம் மீட்டருக்கு மேல், தேயிலை நிரைகளுக்கு நடுவே ஏறி இறங்கிப் பழகிய எங்களுக்கு 766 மீட்டர் ரிட்டிகல சின்ன மலைதான். ஆனால் இலங்கையின் ஹபரணைக்கு அருகே காட்டுக்குள் கிடக்கும் அந்தப் பழைய பௌத்த மடத்தின் கல்பாதைக்கு ஈடான ஏற்றம் கேமரன் மலையில் இல்லை.

தோட்டத்துப் பாதை வேலைக்காகப் போட்டது. கொழுந்துக்கூடை சுமந்தவர்களின் கால் தேய்த்த செம்மண், மழை வந்தால் வழுக்கும். ரிட்டிகலவிலோ செதுக்கிய கற்பலகைகளை இடைவெளி தெரியாமல் பொருத்தியிருக்கிறார்கள். படிகளின் உயரம் குறைவு. நடப்பவரின் மூச்சை அறிந்தவர்கள் போட்ட பாதை அது. ஆங்காங்கே வட்டமாகக் கல்பாவிய இடத்தில் நின்று இளைப்பாறலாம். அடிவாரத்தில் பண்டா பொக்குண என்ற பெரிய குளம்.

மேலே மரங்களுக்கிடையில் இரட்டை மேடைகள். இரண்டையும் இணைக்கும் கல்பாலம். புத்தர் சிலை இல்லை, தூபி இல்லை. கந்தல் துணியே உடுத்துவோம் என்று விரதம் பூண்ட பாம்சுகூலிகத் துறவிகள் இருந்த இடம். அலங்காரம் செதுக்கியது சிறுநீர் கழிக்கும் கல்லில் மட்டும்! ஆடம்பர மடங்களை இப்படிப் பழித்தார்கள் என்பது அறிஞர் சிலர் கருத்து. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. இத்தனை துணிச்சலான சிற்பத்தை வேறெங்கும் கண்டதில்லை.

1893இல் தொல்லியலாளர் எச்.சி.பி. பெல் இந்த இடிபாடுகளை ஆராய்ந்தார். 1941 முதல் இது கடுங்காப்புக் காடு. உச்சிக்குப் போக அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு அவசியமானது.