தணலில் சுடும் பீட்சா: ஒரு ரசனைக் குறிப்பு

கரித்தணலுக்கு மேல் வைத்த கம்பித்தட்டில் மாவை நேரடியாகப் பரப்பிச் சுடும் பீட்சாவை அமெரிக்காவில் புகழ்பெறச் செய்தது, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகரான பிராவிடென்ஸில் ஜோஹான் கில்லீனும் ஜார்ஜ் ஜெர்மோனும் 1980-இல் தொடங்கிய அல் ஃபோர்னோ உணவகம் ஆகும். அங்கு உருவான முறை இன்று வீட்டுத் தோட்டத்துக் கரியடுப்புகள் வரை பரவியிருக்கிறது. அடுமனை அடுப்பு இல்லாத குறையை ஈடுகட்டும் உத்தியாக மட்டும் இதைக் காண்பவர்கள், இதற்கே உரிய அழகைத் தவறவிடுகிறார்கள்.

நேப்பிள்ஸ் நகரத்து விறகடுப்பில் கல்தளம் மாவின் அடியைச் சுடும்போதே, குவிமாடத்திலிருந்து இறங்கும் வெப்பம் மேற்புறத்தையும் வேகவைப்பதால், 60 முதல் 90 விநாடிகளுக்குள் பீட்சா முழுமை பெறுகிறது. திறந்த கரியடுப்பிலோ வெப்பம் கீழிருந்து மட்டுமே வருகிறது. பச்சை மாவின்மேல் பாலாடைக்கட்டியையும் தக்காளியையும் பரப்பி வைத்தால், அவை சூடேறும் முன்பே அடிப்புறம் கருகிவிடும். ஆகவே வெறும் மாவு முதலில் ஒருபுறம் சுடப்பட்டு, திருப்பிப் போடப்பட்டு, வெந்து வரிவரியாகச் சிவந்த முகத்தின்மேல் மற்றவை இடப்படுகின்றன. இந்த ஒரு திருப்பலே இக்கலையின் உயிர்நிலை. ஏனைய நுணுக்கங்கள் யாவும் அதிலிருந்தே பிறக்கின்றன.

கோதுமை மாவு நீருடன் சேரும்போது உருவாகும் குளூட்டன் என்னும் புரதவலை, பிசைதலால் வலுப்பெற்று, ஈஸ்ட் வெளியிடும் வாயுவைத் தன்னுள் தேக்கிக்கொள்கிறது. ஓரிரவு குளிர்பதனப் பெட்டியில் மெதுவாகப் புளித்த மாவு சுவையில் ஆழம் பெறுவதோடு, வெளியே எடுத்து அறைவெப்பத்துக்கு வரும்வரை ஓய்வு கொடுத்தால், இழுத்தவுடன் சுருங்கிக்கொள்ளாமல் நீட்டிய வடிவில் நிற்கிறது. ஆலிவ் எண்ணெய் தடவிய பலகையில் கைவிரல்களால் மெல்லியதாக விரித்த அம்மாவு, சூடேறிய கம்பிகளைத் தொட்ட சில நொடிகளிலேயே அடிப்பரப்பு இறுகிவிடுவதால் இடைவெளிகளில் வழிந்து விழுவதில்லை. வட்டம் கோணினாலும் குறையில்லை. தடிமன் சீராக இருப்பதே முக்கியம்.

தணலை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கி, கடுஞ்சூட்டுப் பகுதி, மிதசூட்டுப் பகுதி என இரண்டை அமைத்துக்கொள்வதில் சுடுபவரின் தேர்ச்சி வெளிப்படுகிறது. முன்னதில் மாவு நிறம் பெறுகிறது. பின்னதில் பாலாடைக்கட்டி உருகுகிறது. மூடியுள்ள அடுப்பாயின், அதைச் சிறிது நேரம் மூடிவைத்து மேற்புறத்துக்கும் வெப்பம் கிடைக்கச் செய்யலாம்.

அல் ஃபோர்னோவின் முறையில் வழக்கமான வரிசை தலைகீழாகிறது: பாலாடைக்கட்டி முதலில் மாவின்மேல் படிய, தக்காளி அதன்மேல் ஆங்காங்கே கரண்டியளவாக மட்டும் வைக்கப்படுகிறது. தக்காளியின் ஈரம் நேரே மாவில் இறங்காததால் அடிப்பகுதி மொறுமொறுப்பை இழப்பதில்லை. மேலே இடுபவை குறைவாகவும், நீண்ட நேரம் வேக வேண்டிய காய்களும் இறைச்சியும் முன்பே சமைத்தவையாகவும் இருக்க வேண்டும். எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் தயாராகவும் இருக்க வேண்டும்; மாவைத் திருப்பிய பிறகு எஞ்சும் சில நிமிடங்களில் எதையும் தேடவோ நறுக்கவோ நேரமிராது.

இவ்வாறு சுட்ட பீட்சாவின் சுவைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமிய் மயார் 1912-இல் விவரித்த, புரதக்கூறுகளும் சர்க்கரையும் வெப்பத்தில் இணைந்து பழுப்பேறும் வினை ஒன்று. மாவிலிருந்து சொட்டும் எண்ணெய் தணலில் எரிந்து எழுப்பும் புகை மற்றொன்று. கம்பிபட்ட இடத்தில் மெல்லிய கசப்பும், அடுத்த கடியில் மாவின் இனிப்பும், அதன்மேல் உருகிய பாலாடைக்கட்டியின் உப்பும் மாறிமாறி நாவுக்குக் கிட்டுகின்றன. நேப்பிள்ஸ் பீட்சாவின் மென்மையை இதில் எதிர்பார்ப்பது முறையன்று. மொறுமொறுப்பும் புகைமணமும் கொண்ட இது, அதன் நகலாக அன்றித் தனி வகையாகவே மதிக்கப்பட வேண்டியது.