அண்ணாந்து குடிப்பவரின் தொண்டை

உதடு படாமல் அண்ணாந்து தண்ணீர் குடிப்பவரைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். சொம்பு உயர்கிறது. வாய் திறந்தே இருக்கிறது. நீர் ஒரே தாரையாக இறங்க, தொண்டையில் துருத்தி நிற்கும் மேடு மட்டும் மடக் மடக்கென்று ஏறி இறங்குகிறது. உடல் செய்யும் மிக நுணுக்கமான வேலைகளில் ஒன்று அந்தத் தோலுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறது. நீர் தொண்டையைக் கடக்க ஒரு நொடிகூட ஆவதில்லை.

அந்த மேடு குரல்வளையின் முன்சுவர். அதைத் தாங்கி நிற்பது நாவடி எலும்பு. சிறிய, வளைந்த எலும்பு. உடம்பில் வேறெந்த எலும்போடும் மூட்டுச் சேராதது. தாடையிலிருந்தும் மண்டையோட்டின் அடியிலிருந்தும் மார்பெலும்பிலிருந்தும் வரும் தசைகளும் நார்களும் அதை அந்தரத்தில் ஏந்தி வைத்திருக்கின்றன. எதிலும் பூட்டப்படாமல் இருப்பதால்தான் விழுங்கும்போது குரல்வளையையும் கூட்டிக்கொண்டு மேலேயும் முன்னேயும் அதனால் நகர முடிகிறது.

ஏன் நகர வேண்டும்? மூக்கு வழியே வரும் காற்று முன்னே உள்ள மூச்சுக்குழாய்க்குப் போக வேண்டும். வாயில் விழும் நீர் பின்னே உள்ள உணவுக்குழாய்க்குப் போக வேண்டும். இரண்டு வழிகளும் தொண்டையில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. நாம் விழுங்கும் ஒவ்வொன்றும் மூச்சுக்குழாயின் வாசலைத் தாண்டியே போக வேண்டியிருப்பதை விந்தையென்று டார்வினும் 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் குறித்திருக்கிறார். அமைப்பிலேயே இருக்கும் இந்த ஆபத்தை உடல் நேரக்கணக்கால் வெல்கிறது. எனக்கு வியப்பு அங்கேதான்.

உதட்டை மூடி விழுங்குபவருக்கு உதடும் கன்னமும் துணை நிற்கும். அண்ணாந்து குடிப்பவருக்கு உதட்டின் துணை இல்லை. சாய்ந்த தலையில் நீர் நேரே தொண்டைக்குள் பாயப் பார்க்கும். நாவின் பின்பகுதி உயர்ந்து மெல்லண்ணத்தோடு சேர்ந்து அதைத் தடுத்து வைக்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும் நா அதைப் பின்னே தள்ளுகிறது. இதுவரை நம் விருப்பம். அதன்பின் மூளையின் அடியிலிருக்கும் முகுளத்தின் ஆட்சி. தொடங்கிவிட்ட விழுங்கலை நடுவில் நிறுத்த முடியாது. மெல்லண்ணம் உள்நாக்கோடு மேலே எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. குரல் நாண்கள் ஒன்று சேர்கின்றன. குரல்வளை உயர்ந்து நாவின் அடியில் ஒதுங்க, அதன் மூடி பின்னால் மடிந்து கவிகிறது.

பள்ளிப் புத்தகங்கள் இந்த மூடிக்கே எல்லாப் பெருமையையும் கொடுத்துவிடும். காவலில் பெரும்பங்கு நாண்கள் இறுக மூடுவதற்கும் குரல்வளை ஒதுங்கிக்கொள்வதற்கும் உரியது. மூடியின் அழகு வேறிடத்தில் இருக்கிறது. மேலிருந்து வரும் நீர் அதில் பட்டு இரண்டாகப் பிரிகிறது. முக்கொம்பில் பிரிந்து திருவரங்கத்தை நடுவில் விட்டுப் போகும் காவிரியையும் கொள்ளிடத்தையும் போல, குரல்வளைக்கு இருபுறமும் உள்ள குழிவுகளின் வழியே இறங்குகிறது. கீழே, உணவுக்குழாயின் வாசலில், இரண்டும் கூடுகின்றன.

அந்த வாசல் சாதாரண நேரத்தில் இறுக மூடியே கிடக்கும். விழுங்கும்போது அதன் தசை தளர்கிறது, ஆனால் தளர்ந்தால் மட்டும் அது விரிந்துவிடாது. வாசலின் முன்சுவர் குரல்வளையின் பின்புறத்தோடு ஒட்டியிருக்கிறது. குரல்வளை முன்னே நகர்ந்ததும் அதுவும் கூடவே இழுபட்டு வழி திறக்கிறது. மூச்சுக்குழாயைக் காக்க விலகிய அதே அசைவு நீருக்குக் கதவையும் திறந்துவிடுகிறது! இதைப் படித்தறிந்த நாளிலிருந்து, ஏறி இறங்கும் அந்த மேட்டைச் சும்மா பார்த்துவிட்டு நகர என்னால் முடிவதில்லை.

இத்தனையும் நடக்கும்போது மூச்சு நின்றிருக்கும். ஒரு மிடறு விழுங்கும் பெரியவர்களிடம் பெரும்பாலும் அது வெளிமூச்சின் நடுவில் நிற்கிறது. திரும்பத் தொடங்கும்போதும் வெளிமூச்சாகவே தொடங்குகிறது. வாசலருகே ஒரு துளி தங்கியிருந்தால் உள்ளே இழுபடாமல் வெளியே தள்ளப்படும். தொடர்ந்து குடிக்கும்போது ஆளுக்கு ஆள் முறை மாறும். சிலருக்குக் குரல்வளை மிடறுக்கு மிடறு கீழே வந்து மறுபடி ஏறும். சிலருக்குப் பாதி உயரத்திலேயே நின்று அடுத்த மிடற்றை ஏற்கும்.

இந்தக் கணக்கு இமைப்பொழுது பிசகினால் புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று வீட்டில் உச்சந்தலையில் தட்டுவார்கள். அதற்குள் இருமல் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. சிலருக்கு இருமல்கூட எழாமல் நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் விழுங்கும் பயிற்சி தருபவர்கள் நீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கிறார்கள். பலரை மோவாயைத் தாழ்த்தி விழுங்கச் சொல்கிறார்கள். தலை பின்னே சாய்ந்தால் மூச்சுவழிக்குக் காப்புக் குறையும், உணவுக்குழாயின் வாசலும் எளிதில் திறவாது. சொம்பை உயர்த்திப் பிடிப்பவரின் தொண்டை இந்த இரண்டு இடைஞ்சல்களோடும்தான் ஒவ்வொரு மிடற்றையும் உள்ளே இறக்குகிறது.