திரையின் கோடும் மலையின் இடமும்

இன்றைய விமானியின் எதிரே ஒரு சிறு திரை இருக்கிறது. அதில் விமானத்தைக் குறிக்கும் ஒரு முக்கோணம். அதிலிருந்து முன்னோக்கி ஓடும் ஒரு வண்ணக் கோடு. முன்பு பல முட்களைப் பார்த்து மனக்கணக்குப் போட்டு அறிந்த இருப்பிடத்தை இப்போது ஒரே பார்வையில் அறியலாம். இது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்திரைக்கு ஒரு குறையும் உண்டு. கோடு சரியாயினும் தவறாயினும், அது ஒரே தெளிவோடு தோன்றுகிறது.

1995 டிசம்பர் 20ஆம் நாள் இரவு, கொலம்பியா நாட்டின் காலி நகரை நெருங்கிய போயிங் 757 விமானத்தில் நடந்ததைப் பார்ப்போம். ரோசோ என்னும் ரேடியோ நிலையத்தை நோக்கிச் செல்ல எண்ணிய விமானிகள், வரைபடத்தில் கண்டபடி 'ஆர்' என்ற ஓர் எழுத்தைக் கணிப்பொறியில் பதித்தனர். கணிப்பொறியோ அவ்வெழுத்துக்கு, 200 கிலோமீட்டருக்கு அப்பால் பொகோட்டா அருகே இருந்த ரோமியோ நிலையத்தை எடுத்துக்கொண்டது. விமானம் இடப்புறம் மலைகளை நோக்கித் திரும்பியது. தவற்றை உணர்ந்து மீண்டும் வலப்புறம் திருப்பியும் பயனில்லை. விமானம் மலையில் மோதியது. 163 பேரில் 159 பேர் இறந்தனர். அவசரமும் கவனக்குறைவும் காரணங்களே. ஆயினும், திரையில் கோடு இருந்தது, மலை இல்லை.

அந்த விமானம் வழியறிந்தது ஜி.பி.எஸ். கொண்டு அல்ல, தரை நிலையங்களையும் தன்னுள் இருந்த சுழல்மானிகளையும் கொண்டு. பின்னர் வந்த திரைகளில் மலைகளும் இடம்பெற்றன, ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்தது. குறை தீர்ந்ததா?

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் அலைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு ஜி.பி.எஸ். இடத்தைக் கணிக்கிறது. நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். இந்த அலைகள் மிக மெலிந்தவை. தரையிலிருந்து ஒருவர் அவற்றை அமுக்கிவிடலாம். போலி அலைகளையும் அனுப்பலாம். 2023 செப்டம்பர் முதல், ஈராக், ஈரான் பகுதிகளில் பறந்த விமானங்களில் இவ்வாறு பொய்யான இருப்பிடங்கள் தோன்றியதாக விமானிகள் தெரிவித்தனர். மலை இல்லாத இடத்தில், 'மேலே ஏறு' என்று எச்சரிக்கைக் கருவி கூவியதும் உண்டு.

ஐந்து கோள்களின் அலைகள் கிடைத்தால், அவற்றை ஒப்பிட்டு, ஒன்று பிசகினும் கருவி கண்டுபிடித்துவிடும் என்பர். உண்மையே. ஆனால் பொய்ச்சாட்சிகள் எல்லோரும் ஒரே கதையைச் சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? போலி அலைகள் தமக்குள் ஒத்துப்போகும்போது கருவியின் நிலையும் அதுவே.

ஆகவே துல்லியம் வேறு, நம்பகம் வேறு. சில மீட்டர் அளவுக்கு இடத்தைக் காட்டும் திரை, அந்த இடம் எந்தச் சாட்சியால் கிடைத்தது என்பதை விமானியின் கண்முன் வைப்பதில்லை. தேடினால் வேறு பக்கங்களில் அது கிடைக்கும். ஆனால் நெருக்கடி நேரத்தில் தேட ஏது அவகாசம்? சுழல்மானி தரும் இடத்தையும் ஜி.பி.எஸ். தரும் இடத்தையும் தனித்தனியே காட்டி, அவை விலகத் தொடங்கியதுமே கோட்டின் நிறம் மாறுமாறு அமைத்தால் என்ன? தரை ரேடியோ நிலையங்களையும் முற்றிலும் மூடிவிடாமல் காக்க வேண்டும்; அவை மாற்றுச் சாட்சிகள்.

தனக்குத் தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்லும் கருவியே நல்ல கருவி. அழகிய கோட்டைவிட அந்த ஒரு சொல் பல உயிர்களைக் காக்கும்.