கூட்டுவது சுலபம், குறைப்பதில்தான் கண்டம்

சர்வரில் இடம் தீர்ந்தால் முன்பெல்லாம் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் அதில் நகலெடுக்க வேண்டும். லினக்ஸில் அந்தத் தொல்லையைப் பெருமளவு ஒழித்தது லாஜிக்கல் வால்யூம் மேனேஜர் எனும் எல்.வி.எம். எச்.பி. யூனிக்ஸில் இருந்த ஏற்பாட்டை ஒட்டி 1998-இல் ஹைன்ஸ் மாவெல்ஸ்ஹாகன் இதை எழுதினார். ரெட்ஹேட் லினக்ஸை நிறுவினால் இன்று இது தானாகவே அமைகிறது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியனிலும் நிறுவும்போதே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

டிஸ்க்குகளைச் சேர்த்தால் ஒரு வால்யூம் குரூப். அதிலிருந்து வேண்டிய அளவில் லாஜிக்கல் வால்யூம்களைப் பிரித்துக்கொள்ளலாம். செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' போலத்தான்: கூரை ஒன்று, அடுப்பும் கணக்கும் தனித்தனி.

செக்காலையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டூடியோவை எண்ணிப் பார்க்கலாம். தை, வைகாசி முகூர்த்தங்களில் நாலு கேமராவின் 4கே பதிவுகள் வந்து குவியும். புது டிஸ்க்கைச் செருகி பிவிகிரியேட், விஜிஎக்ஸ்டெண்ட், எல்விஎக்ஸ்டெண்ட் என மூன்று கட்டளை கொடுத்தால் போதும். கடைசிக் கட்டளையில் 'ஆர்' சேர்த்தால் ஃபைல் சிஸ்டமும் கூடவே வளரும். எடிட்டிங்கை நிறுத்த வேண்டியதில்லை. பழைய டிஸ்க் தகராறு செய்ய ஆரம்பித்தால் பிவிமூவ் அதிலுள்ளதை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடும். இவற்றை ஸ்கிரிப்டாக எழுதி வைத்தால் எத்தனை சர்வரானாலும் வேலை ஒரே மாதிரி நடக்கும். என்ன செய்தோம் என்பதற்கு எழுத்தில் சாட்சியும் இருக்கும். மவுஸ் க்ளிக்கில் இந்த வசதி கிடையாது.

அந்தச் சுலபமே சில சமயம் வினையாகிறது.

இரண்டு டிஸ்க்கில் பரவிய வால்யூம் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். மிரர் வேண்டுமென்று தனியாகக் கேட்காத வரை எல்.வி.எம். டிஸ்க்குகளை வெறுமனே ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறது. ஒன்று போனால் வால்யூமே போனதுபோலத்தான். ஸ்னாப்ஷாட்டும் பேக்கப் ஆகாது. அது அதே குரூப்பில் இருக்கிறது, ஒதுக்கிய இடம் நிரம்பினால் பயனற்றுப் போகிறது.

அடுத்தது கூட்டல் குறி. எல்விரீசைஸ் கட்டளையில் '+100ஜி' என்றால் இன்னும் 100 ஜிபி சேர்க்கும். '+' விட்டுப்போனால் மொத்தமே 100 ஜிபி என்று பொருள். 500 ஜிபி வால்யூம் சுருங்கப் பார்க்கும். கருவி எச்சரித்துக் கேட்கத்தான் செய்யும். ஆனால் ஸ்கிரிப்டில் முன்கூட்டியே 'ஒய்' போட்டு வைத்தவருக்கு அந்தக் கேள்வி வராது. புதிய பதிப்புகள் சுருக்கும் முன் ஃபைல் சிஸ்டத்தின் அளவைப் பார்க்கின்றன. பழைய சர்வர்களில் அந்தக் காவல் இல்லை. எல்விஎக்ஸ்டெண்ட் மட்டும் குறைந்த அளவைக் கொடுத்தால் மறுத்துவிடும். கூட்டும் வேலைக்கு அதையே பழகுவது நல்லது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பிருந்த அமைப்பை எல்.வி.எம். 'இடிசி' அடைவுக்குள் எழுதி வைக்கிறது. விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர் அதை மீட்டுத் தரும். மீள்வது எந்த வால்யூம் எங்கே இருந்தது என்ற வரைபடம்தான். அழிந்த வீடியோ அதில் இல்லை.

ஆகவே ஒரே டிஸ்க் வைத்திருக்கும் கடைக்கு இது அவசியமில்லை; சாதாரண பார்ட்டிஷனும் ஒழுங்கான பேக்கப்பும் போதும். டிஸ்க்குகள் பெருகும் இடத்தில் எல்.வி.எம். தேவை, அதையும் ரெய்டுக்கு மேல் அமைக்க வேண்டும். அங்கேயும் முதல் நாளே முழு இடத்தையும் பங்கிட்டுவிடக் கூடாது. ரெட்ஹேட் 7-இலிருந்து இயல்பாக வரும் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வளருமே தவிர, நடைமுறையில் சுருங்காது. சிறிதாகத் தொடங்கி, குரூப்பில் மிச்சம் வைத்து, தேவைப்படும்போது ஒரு கட்டளையில் கூட்டிக்கொள்வதுதான் இந்தக் கருவிக்கு ஏற்ற முறை.